வாசல் திறந்தது, வண்டிச் சத்தத்துக்கு வழி என்ன?

(பஞ்சாலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடிய கூட்டத்தில், பிரேசில் நாட்டுக் கறுப்பின மாணவர்களைப் பற்றி ஆற்றிய உரை)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் கடல் கடந்த ஒரு நாட்டைப் பற்றியது. தென் அமெரிக்காவிலே பிரேசில் என்று ஒரு தேசம். கால்பந்தாலும் காப்பிக்கொட்டையாலும் அதன் பெயர் உங்கள் காதில் விழுந்திருக்கும். அந்தத் தேசத்துப் பெருநகரங்களின் ஓரத்திலே நெருக்கியடித்துக் கிடக்கும் சேரிகளில் பிறந்து, பல்கலைக் கழகத்துக்குள் காலெடுத்து வைத்த கறுப்பினப் பிள்ளைகளின் கதையைத்தான் சொல்லப் போகிறோம். 'நமக்கென்ன அதனால்?' என்று யாரும் எழுந்து போய்விட வேண்டாம். வேலைக்கும் போய்க்கொண்டு படிப்பது என்றால் என்ன, வீட்டிலே சம்பாதிக்கிற ஒரு கை குறைந்தால் அடுப்பு என்ன ஆகும் என்பதெல்லாம் இந்தக் கூட்டத்தில் இருப்பவர்களுக்குத் தெரியாததல்ல.

முதலில் கொஞ்சம் பழைய கணக்கைப் பார்க்க வேண்டும். ஆப்பிரிக்காவிலிருந்து சங்கிலி பூட்டிப் பிரேசிலுக்குக் கொண்டுவந்து இறக்கப்பட்டவர்கள் ஏறத்தாழ 48 லட்சம் பேர். அமெரிக்கக் கண்டங்களில் வேறெந்த நாட்டுக்கும் இத்தனை அடிமைகள் போனதில்லை. கரும்பும் தங்கமும் காப்பியும் அவர்கள் முதுகில் விளைந்தவை. அந்தக் கண்டங்களிலே அடிமை முறையைக் கடைசியாகக் கைவிட்டதும் பிரேசில்தான். 1888ம் வருஷம், மே 13ந் தேதி. அந்தச் சட்டத்தில் இரண்டே இரண்டு ஷரத்துக்கள். அடிமை முறை ஒழிந்தது என்பது ஒன்று. இதற்கு மாறான சட்டங்கள் ரத்து என்பது மற்றொன்று. அவ்வளவுதான்! உழுது கொடுத்தவனுக்குக் கையகல நிலம் உண்டா? இல்லை. முந்நூறு வருஷத்துக் கூலியில் ஒரு மாதக் கூலியாவது உண்டா? இல்லை. பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம்? அதுவும் இல்லை. நிலத்துக்கு ஆசைப்படவும் வழியில்லாமல், 1850லேயே ஒரு சட்டம் செய்து வைத்திருந்தார்கள். சர்க்கார் நிலம் விலை கொடுத்து வாங்குகிறவனுக்குத்தான் என்பது அந்தச் சட்டம். பணம் உள்ளவன் யார், இல்லாதவன் யார் என்று சொல்ல வேண்டியதில்லை.

காப்பித் தோட்டத்துக்கு ஆள் வேண்டுமே? சாவோ பாலோ மாகாண சர்க்கார் இத்தாலியிலிருந்து வெள்ளைக்காரத் தொழிலாளர்களை வரவழைத்தது. அவர்களுடைய கப்பல் சத்தத்தை சர்க்கார் கஜானாவே கட்டியது. அந்த இத்தாலியரும் ஏழைகள்தான். அவர்கள்மேல் நமக்குக் குறையில்லை. ஆனால் இதைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கடல் தாண்டி வருகிறவனுக்கு வண்டிச் சத்தம் கொடுக்கப் பணம் இருந்தது. ஏற்கெனவே அங்கே உழைத்துக் கிடந்தவனுக்குக் கொடுக்க ஒரு செம்புக்காசு இல்லை.

விடுதலையானவர்கள் நகரத்துக்கு நடந்தார்கள். ரியோ டி ஜெனீரோவில் குன்றுகளின்மேல் ஏறிக் குடிசை போட்டார்கள். அந்தச் சேரிகளுக்குத்தான் 'பவேலா' என்று பெயர். இந்த நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டின் ஆரம்பத்தில், நகரை அழகுபடுத்துகிறோம் என்று மத்தியிலே இருந்த ஏழைகளின் வீடுகளை இடித்துத் தள்ளினார்கள். சேரி மேலும் பெருகியது. சாவோ பாலோவில் குன்றுக்குப் பதிலாகத் தூரம். ஆலை ஓரிடம், தொழிலாளி வாங்க முடிந்த மலிவு மனை பல மைல்களுக்கு அப்பால். ஞாயிற்றுக்கிழமைகளில் தானே செங்கல் அடுக்கி வீடு கட்டிக்கொண்டார்கள். மேல்தளம் போடுகிற அன்று அக்கம்பக்கத்தார் எல்லாம் வந்து கலவை சுமப்பார்கள், வீட்டுக்காரர் அவர்களுக்குச் சாப்பாடு போடுவார். இந்த வழக்கம் நமக்குப் புரியாததல்ல.

இனி படிப்புக்கு வருவோம். இந்த இடத்தைக் கொஞ்சம் கவனித்துக் கேட்க வேண்டும், ஏனென்றால் சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது.

பிரேசிலில் சர்க்கார் பல்கலைக் கழகங்களில் சம்பளம் கிடையாது. இலவசம்! நல்ல பேராசிரியர்கள், நல்ல ஆராய்ச்சிச் சாலைகள், எல்லாம் அங்கேதான். கேட்பதற்கு இனிப்பாக இருக்கிறது அல்லவா? ஆனால் உள்ளே போக நுழைவுப் பரீட்சை கடினம். பணக்காரன் தன் பிள்ளையைக் கட்டணம் கறக்கும் தனியார் பள்ளியில் பன்னிரண்டு வருஷம் போட்டு, மேலே ட்யூஷனும் வைத்து, பரீட்சைக்குத் தயார் செய்கிறான். சேரிப் பிள்ளை படிக்கிற சர்க்கார் பள்ளியிலோ வாத்தியார் பற்றாக்குறை, கூரை ஒழுகல். பரீட்சை முடிவு என்ன ஆகும்? பள்ளிக்குப் பணம் கட்டியவன் பிள்ளை பல்கலைக் கழகத்தில் இலவசமாகப் படிக்கும். இலவசப் பள்ளியில் படித்த ஏழைப்பிள்ளை, மேலே படிக்க ஆசைப்பட்டால், தனியார் கல்லூரியில் மாதாமாதம் பணம் கட்ட வேண்டும். கடையில் சாமான் வாங்கும்போதெல்லாம் வரி கொடுத்து அந்த இலவசப் பல்கலைக் கழகத்தை நடத்துகிறவர்களில் அந்த ஏழையின் தகப்பனும் ஒருவன். இதற்குப் பெயர் 'திறமை' என்று வைத்தார்கள்.

இதை உடைக்க முதல் அடி எடுத்து வைத்தது எந்த மந்திரியும் அல்ல. ரியோ நகருக்கு வடக்கே பைஷாடா புளுமினென்சே என்று தொழிலாளர் நெருங்கி வாழும் தாழ்வான பிரதேசம் ஒன்று உண்டு. 1993ல் அங்கே சாவோ ஜோவாவோ டி மெரிட்டி என்ற ஊரில், கறுப்பர்களுக்கும் ஏழைகளுக்குமாக ஒரு நுழைவுப் பரீட்சைப் பயிற்சி வகுப்பு ஆரம்பித்தார்கள். சம்பளம் வாங்காத வாத்தியார்கள். பகலில் வேலை செய்துவிட்டு வருகிற மாணவர்கள். அங்கிருந்து இம்மாதிரி வகுப்புக்கள் மாதா கோயில் மண்டபங்களிலும் சங்கக் கட்டிடங்களிலும் ரியோ, சாவோ பாலோ சேரிகள் பூராவும் பரவின. கணக்கும் ரசாயனமும் சொல்லிக் கொடுத்ததோடு, கறுப்பு மனிதன் இந்தத் தேசத்துக்கு எப்படி வந்தான், ஏன் இங்கே கிடக்கிறான் என்பதையும் பாடமாக வைத்தார்கள்.

ஆனால் வகுப்பு நடத்தி எத்தனை பேரை ஏற்றிவிட முடியும்? ஏணி போட்டால் போதாது, சுவரையே இறக்க வேண்டும் என்ற கோரிக்கை எழுந்தது. இட ஒதுக்கீடு! அந்தச் சொல்லும் அதைக் கேட்டவுடன் எழும் கூச்சலும் நமக்குப் புதிதல்ல. ரியோ மாகாணப் பல்கலைக் கழகம் மாகாணச் சட்டத்தின்படி 2003ல் ஒதுக்கீட்டைத் தொடங்கிவைத்தது. தலைநகர் பிரேசிலியாவின் மத்தியப் பல்கலைக் கழகம் 2004ல் தொடர்ந்தது. உடனே பெரிய பத்திரிகைகளில் ஓலம்: தரம் போச்சு! எங்கள் தேசத்தில் இனபேதமே இல்லை, நீங்கள் கொண்டுவந்து புகுத்துகிறீர்கள்! நூற்றுக்கணக்கான வருஷம் நிறம் பார்த்துச் சாட்டை வீசியபோது தெரியாத பேதம், நிறம் பார்த்து நாற்காலி போட்டபோது தெரிந்துவிட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயிற்று. 2012 ஏப்ரல் 26ந் தேதி, ஒதுக்கீடு செல்லும் என்று நீதிபதிகள் ஏகமனதாகத் தீர்ப்பளித்தார்கள். அதே வருஷம் ஆகஸ்டில் சட்டம் வந்தது. மத்தியப் பல்கலைக் கழகங்களில் பாதி இடம் சர்க்கார் பள்ளியில் படித்தவர்களுக்கு; அதில் பாதி, வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு; அந்த இடங்களுக்குள் கறுப்பர், கலப்பு நிறத்தவர், ஆதிக்குடிகள் ஆகியோருக்கு அந்தந்த மாகாண ஜனத்தொகைக்கேற்ற பங்கு. வர்க்கத்தையும் நிறத்தையும் ஒரே சட்டத்தில் சேர்த்துக் கட்டியது நல்ல வேலை என்பது நம் அபிப்பிராயம். பணக்காரர்களின் கோட்டையாயிருந்த சாவோ பாலோ பல்கலைக் கழகம் நெடுநாள் முரண்டு பிடித்தது. 2018ம் வருஷச் சேர்க்கையில்தான் அதுவும் இன ஒதுக்கீட்டுக்கு இறங்கி வந்தது.

இதற்கிடையில், கடைசல் இயந்திரத்தில் வேலை செய்து ஒரு விரலை இழந்தவரும் கல்லூரிப் பட்டம் இல்லாதவருமான லூலா ஜனாதிபதியாயிருந்தபோது, தனியார் கல்லூரிகளில் ஏழைகளுக்கு இலவச இடம் தரும் திட்டம் 2004ல் வந்தது. பதிலுக்குக் கல்லூரி முதலாளிகளுக்கு வரி விலக்கு. முதலாளிகள் நன்றாகவே லாபம் பார்த்தார்கள், அதைச் சொல்லாமல் விடக்கூடாது. ஆனாலும் வீட்டு வேலை செய்கிற பெண்களின் மகள்கள் பலர் பட்டம் வாங்கியதும் அதன் மூலம்தான்.

பலன்? 2018ம் வருஷக் கணக்குப்படி சர்க்கார் உயர்கல்வி நிலையங்களின் மாணவர்களில் கறுப்பரும் கலப்பு நிறத்தவரும் 50.3 சதவிகிதம். ஜனத்தொகையில் அவர்கள் அப்போது சுமார் 56 சதவிகிதம். அந்நாட்டுச் சரித்திரத்தில் அவர்கள் பாதியைத் தாண்டியது அதுவே முதல் தடவை. 'தரம்' என்னவாயிற்று? ஒதுக்கீட்டில் வந்தவர்கள் மற்றவர்களுக்கு ஏறக்குறைய சமமாகவே மார்க் வாங்கினார்கள் என்று பல பல்கலைக் கழகங்களின் சொந்தக் கணக்கே காட்டியது. யார் கறுப்பர் என்று தீர்மானிப்பதில் குளறுபடிகளும் நடந்தன. 2007ல் பிரேசிலியாவில், ஒரே அச்சில் வார்த்த இரட்டைச் சகோதரர்களின் போட்டோவைப் பார்த்து ஒருவரைக் கறுப்பர் என்றும் மற்றவரை அல்லவென்றும் சொல்லிவிட்டு, பிறகு திருத்திக்கொண்டார்கள். வெள்ளைக்காரப் பிள்ளைகள் சிலர் கறுப்பரென்று எழுதிக்கொடுத்து இடத்தைப் பறித்ததும் உண்டு. மாணவர் சங்கங்களே அதைக் கண்டுபிடித்துச் சண்டை போட்டன.

வாசல் திறந்தது. அதற்கப்புறம்தான் தோழர்களே, நாம் சொல்ல வந்த விஷயமே வருகிறது.

சாவோ பாலோ நகரத்தின் கிழக்கு ஓரத்தில் சிடாடே டிராடென்டெஸ் என்று ஒரு குடியிருப்பு. 1980களில் சர்க்கார் வரிசை வரிசையாக ஏறத்தாழ 40 ஆயிரம் வீடுகளைக் கட்டி, ஏழைகளைக் கொண்டுபோய் வைத்தது. வீடு கொடுத்தார்கள், வேலையை அங்கே கொடுக்கவில்லை. பல்கலைக் கழகமோ நகரின் மேற்கே. அங்கிருந்து ஒரு மாணவி வகுப்புக்குப் போவதென்றால் பஸ், ரயில், மறுபடி பஸ். போக இரண்டு மணி நேரத்துக்கு மேல், திரும்பவும் அவ்வளவே. நிற்க இடம் கிடைத்தால் அதிருஷ்டம். பாதிப்பேர் பகலில் கடையிலோ, போனில் பதில் சொல்லும் கம்பெனியிலோ வேலை பார்த்துவிட்டு இரவு வகுப்புக்குப் போகிறவர்கள். வகுப்பு முடிய இரவு 10.30, 11 மணி. வீடு சேர நள்ளிரவு தாண்டும். காலையில் 5 மணிக்கு எழுந்தாக வேண்டும். மூன்றாவது ஷிப்ட் முடிந்து வருகிறவர்களின் கண்ணைப் பார்த்திருக்கிறீர்களே, அந்தக் கண்ணோடுதான் அவள் புத்தகத்தைத் திறக்கிறாள். பல்கலைக் கழகத்துப் பக்கத்திலேயே குடியிருக்கும் வக்கீல் வீட்டுப் பையன் அந்த நாலு மணி நேரத்தில் படிக்கிறான், ஆங்கிலம் கற்கிறான், தூங்குகிறான். இருவருக்கும் ஒரே பரீட்சை!

வைத்தியப் படிப்பு, இஞ்சினீயர் படிப்பு மாதிரியானவை பகல் முழுவதும் நடப்பவை. வேலைக்குப் போகிறவன் அவற்றைக் கனவு காணலாம், சேர முடியாது. இடம் கிடைத்தால் வேலையை விட வேண்டும். அம்மா ஒருத்தியின் சம்பாத்தியத்தில் வீடு ஓட வேண்டும். பல் வைத்தியம் படிக்கச் சேர்ந்தால் கருவிகளை மாணவரே வாங்கித் தீர வேண்டும். இலவசக் கல்வியின் விலை இப்படித்தான் பின்வாசல் வழியாக வருகிறது.

வண்டிச் சத்தம் என்பது சின்ன விஷயம் என்று நினைப்பவர்கள் 2013ம் வருஷத்தை ஞாபகப்படுத்திக்கொள்ளட்டும். சாவோ பாலோவில் பஸ் கட்டணம் 3 ரெயாலிலிருந்து 3.20 ஆக உயர்ந்தது. வெறும் 20 சென்டாவோ! ஜூன் மாதம் நாடே வீதிக்கு வந்துவிட்டது. கட்டணத்தைத் திரும்பக் குறைத்தார்கள். அதன் பிறகு 2015ல் சாவோ பாலோவில் ஏழை மாணவர்களுக்கு இலவசப் பாஸ் கிடைத்தது. கெஞ்சிக் கிடைத்ததல்ல அது. அதே 2013ல், ஏழை மாணவர்கள் படிப்பை நடுவில் விடாமலிருக்க மத்திய சர்க்கார் மாதம் 400 ரெயால் உதவித் தொகை ஏற்படுத்தியது. அந்த வருஷத்துக் குறைந்தபட்சக் கூலி 678 ரெயால் என்பதை வைத்து அதன் மதிப்பைக் கணக்கிட்டுக்கொள்ளுங்கள். அந்த 400 சிலருக்கு உயிர். வீட்டுக்கும் அதிலேதான் கொஞ்சம் போகும். பல்கலைக் கழகச் சாப்பாட்டுக் கூடத்தில் மலிவு விலையில் சோறும் பயறும் இறைச்சியும் போடுகிறார்கள். பல பேருக்கு நாளில் வயிறார உண்ணும் வேளை அதுதான். சாப்பாட்டுக் கூடத்துக்குப் பூட்டு விழுந்தால் ஏழை மாணவர்களுக்குப் பட்டினி விடுமுறை.

வகுப்பறைக்குள்ளே? அங்குள்ள மாடிக் கட்டிடங்களில் முதலாளிகளுக்கு ஒரு மின்தூக்கி, வேலைக்காரர்களுக்குத் தனியே ஒன்று என்று நெடுநாள் வழக்கம். சுவரில் எழுதியிருந்தாலும் இல்லாவிட்டாலும், பல்கலைக் கழகத்திலும் அந்த இரண்டாவது மின்தூக்கி உண்டு. வாசலில் காவல்காரன் வெள்ளைப் பையனை விட்டுவிட்டுக் கறுப்புப் பையனிடம் அடையாளச் சீட்டுக் கேட்கிறான். வைத்திய மாணவி வெள்ளை அங்கி போட்டு நிற்கும்போதே, தரை துடைக்க வந்தவளா என்று கேட்கிறார்கள். வகுப்பிலே தன் நிறத்தவர் வேறு யாருமில்லை. தாழ்வாரத்தைப் பெருக்குகிற, காண்டிராக்டரிடம் கூலி வாங்குகிற அம்மாதான் தன் நிறம். அந்த அம்மா இவளைப் பார்த்துச் சிரிக்கும்போது பெருமையும் துக்கமும் ஒன்றாக வருகிறது என்று மாணவிகள் சொல்லியிருக்கிறார்கள். வீட்டுக்குத் திரும்பினால் அங்கே வேறு தொல்லை. 'பேச்சே மாறிவிட்டதே, பெரிய மனுஷி ஆகிவிட்டாய்' என்று கூடப் பிறந்தவர்களே கேலி செய்வார்கள். ஆற்றின் இரு கரையிலும் அந்நியம். பலர் படிப்பை விட்டது மார்க் குறைந்ததால் அல்ல, இந்தத் தனிமையால்.

ரியோவில் இன்னொரு பயங்கரம். மரே என்று லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் வாழும் சேரித்தொகுதி. முன்னே சேற்று நிலத்தில் கால் நட்டுக் குடிசை கட்டி உண்டான இடம். அதற்கு எதிரே, ஒரு கால்வாய் தாண்டினால், ரியோ மத்தியப் பல்கலைக் கழகம் இருக்கும் தீவு. பார்த்தால் தெரிகிற தூரம். ஆனால் சேரிக்குள் போலீஸ் கவச வண்டி புகுந்த அன்று பள்ளிகள் மூடப்படும், தெருவில் குண்டு பறக்கும், பரீட்சை இருந்தாலும் வீட்டை விட்டு இறங்க முடியாது. 2018 ஜூனில், பள்ளிச் சீருடையோடு போன 14 வயதுப் பையன் ஒருவன் அங்கே போலீஸ் நடவடிக்கையின்போது சுட்டுக் கொல்லப்பட்டான்.

அந்த மரேயில் பிறந்தவர்தான் மரியேல் பிராங்கோ. சேரியில் நடந்த பயிற்சி வகுப்பில் படித்தார். இளம் வயதிலேயே தாயானார். குழந்தையை வளர்த்துக்கொண்டே மறுபடி படித்து, உதவிச் சம்பளத்தில் பட்டம் வாங்கினார். சேரிகளில் போலீஸ் நடத்தும் ஆட்சியைப் பற்றியே ஆராய்ந்து மேற்பட்டமும் பெற்றார். 2016ல் 46 ஆயிரத்துக்கு மேற்பட்ட ஓட்டுக்கள் வாங்கி நகர சபைக்குப் போனார். 2018 மார்ச் 14ந் தேதி இரவு, கூட்டம் முடித்துத் திரும்பும் வழியில் அவரையும் கார் ஓட்டியவரையும் சுட்டுக் கொன்றார்கள். அதற்காக 2024 அக்டோபரில் தண்டனை பெற்ற இருவரும் போலீசில் இருந்தவர்கள். படித்த சேரிப் பெண் என்றால் சிலருக்கு எவ்வளவு பயம்!

மேலே இருப்பவர்களின் எண்ணம் எப்படி என்பதற்கு ஓர் உதாரணம் போதும். 2021ல் நிதி மந்திரியாயிருந்த பாவ்லோ கெடஸ், படிப்புக் கடன் கண்டவனுக்கெல்லாம் போகிறது என்று குறைப்பட்டுக்கொண்டபோது, எடுத்துச் சொன்ன உதாரணம் ஒரு மாடிக் கட்டிட வாயிற்காவலரின் மகன். வாயில் காப்பவன் மகன் வாசலைத் தாண்டக் கூடாது போலும்! அதே சர்க்கார்தான் 2019ல் பல்கலைக் கழகங்களின் செலவுப் பணத்தில் 30 சதவிகிதத்தை முடக்கியது. மின்சாரக் கட்டணம், துப்புரவு, உதவிகள் எல்லாம் அந்தப் பணத்தில்தான். மே 15ந் தேதி மாணவரும் வாத்தியாரும் நாடு முழுவதும் வீதியில் நின்றார்கள். பிறகு கொள்ளை நோய் வந்தது. படிப்பு போன் திரைக்குள் போயிற்று. ஒரே போனை மூன்று பிள்ளைகள் பங்கிட்ட வீடுகளின் கதி என்ன? 2021 ஜனவரியில் தேசிய நுழைவுப் பரீட்சை நடந்தபோது, பதிவு செய்தவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் வரவேயில்லை.

2023 நவம்பரில் ஒதுக்கீட்டுச் சட்டத்தைத் திருத்தினார்கள். பொதுப் பட்டியலில் தேறுகிற ஏழை மாணவர் பொது இடத்திலேயே சேரலாம். ஒதுக்கீட்டு இடம் இன்னொருவருக்குப் போகும். தப்பியோடிய அடிமைகள் அமைத்த கிராமங்களின் வழிவந்தவர்களுக்கும் பங்கு சேர்ந்தது. ஒதுக்கீட்டில் வந்தவர்களுக்கு உதவித் தொகையில் முன்னுரிமை என்றும் எழுதினார்கள். 2024ல் மாணவர் உதவிக்கே தனிச் சட்டம் வந்தது. அதுவரை அது வெறும் உத்தரவு. அடுத்து வருகிறவர் ஒரு கையெழுத்தில் ரத்து செய்துவிடக் கூடியது. சட்டம் வேறு, பட்ஜெட்டில் பணம் ஒதுக்குவது வேறு என்பதும் அந்த மாணவர்களுக்கு நன்றாகத் தெரியும். ஆகவே ஹாஸ்டல் கட்டு, சாப்பாட்டுக் கூடத்தை இரவிலும் திற, கடைசி ரயிலுக்குள் வகுப்பை முடி என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

சாவோ பாலோவில் கானிண்டே என்ற ஆற்றோரச் சேரியில், குப்பையில் காகிதம் பொறுக்கிப் பிழைத்த கறுப்புப் பெண்மணி ஒருவர் இருந்தார். கரோலினா மரியா டி ஜீசஸ் என்று பெயர். பள்ளியில் இரண்டே வருஷம் படித்தவர். பொறுக்கிய நோட்டுப் புத்தகங்களிலேயே தன் பசியை எழுதிவைத்தார். அது 1960ல் புத்தகமாகி உலகம் சுற்றியது. மரேக்கு எதிரே உள்ள அதே பல்கலைக் கழகம் 2021ல் அவருக்கு டாக்டர் பட்டம் கொடுத்தது. அவர் இறந்து 44 வருஷம் ஆகியிருந்தது.

பயிற்சி வகுப்புக்கள் இன்னும் நடக்கின்றன. சனிக்கிழமை காலையில் மண்டபத்தைத் திறந்து, பெஞ்சைத் துடைத்துப் போட்டு, கரும்பலகையில் கணக்கு எழுதுகிறவர்களில் அநேகர் அந்த வகுப்பிலேயே படித்துப் போனவர்கள். வாரம் முழுதும் வேலை, இரவு வகுப்பு, சனிக்கிழமை இது. அவர்களும் பஸ் ஏறித்தான் வருகிறார்கள்.